பின்வளவும் பொதுவளவும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் வீதிகளிலிருந்து எழுதத் தொடங்குவதே வழக்கமாகும். வீதிக்கு முகங்காட்டி நிற்கும் மாளிகைகள், தேவாலயங்கள், சிலைகள், அங்காடிகள் என்பனவே எழுதுவோரின் கண்ணில் முதலிற் படுகின்றன. வீட்டின் பின்வளவுக்கும் ஒரு வரலாறு இருக்கக்கூடும் என்று கருதுவோர் மிகச் சிலரே. துணி காயும் கயிறும் உடைந்த கதிரையும் கிடக்கும் மூலையில் வரலாற்றாசிரியனுக்கு என்ன வேலை? ஆயினும், உலகிலேயே நிலத்தின் விலை மிகுந்த இடங்களுள் ஒன்றாகிய நியூயோர்க் நகரின் மான்ஹற்றன் தீவில், சில வீட்டு வரிசைகளின் பின்வளவுகள் ஒன்றுசேர்ந்து பொதுத் தோட்டங்களாகி, நூறாண்டுகளைக் கடந்தும் நிலைத்து நிற்கின்றன. வீதியில் நடந்து செல்பவர் அவற்றைக் காணமாட்டார். அவற்றைச் சூழ நிற்கும் பழைய வீடுகளுக்கு நகர அரசு சட்டப் பாதுகாப்பு வழங்கியுள்ளது. அப்பாதுகாப்பு எதனைக் காக்கிறது, யாருக்காகக் காக்கிறது என்னும் வினாக்கள் சற்று நின்று சிந்தித்தற்குரியன.

மான்ஹற்றனின் வீதியமைப்பு 1811ஆம் ஆண்டின் ஆணையாளர் திட்டத்தால் வகுக்கப்பட்டது. மேடு, பள்ளம், ஓடை, பாறை எதனையும் பொருட்படுத்தாது, தீவின் பெரும்பகுதியின் மீது நேர்கோடுகளை வரைந்த திட்டம் அது. குறுக்கு வீதி ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 200 அடி ஆழமான நிலம் அமைந்தது. அதனை நடுவே இரண்டாகப் பிரித்து, 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட துண்டுகளாக விற்பது பொதுவழக்காயிற்று. பின்சந்துகளுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. ஆகவே, வடக்கு வீதியைப் பார்த்த வீட்டின் முதுகும் தெற்கு வீதியைப் பார்த்த வீட்டின் முதுகும் எதிரெதிராக நின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளாதலால் பக்கவாட்டிலும் வெளியில்லை. எஞ்சிய வெளி பின்னாலுள்ள சிறு துண்டு நிலமே. ஒவ்வொருவரும் தத்தம் துண்டை வேலியிட்டு அடைத்துக்கொண்டனர். இரு வீதிகளுக்கு நடுவே இருபது முப்பது பின்வளவுகள் இருந்தும், ஒருவருக்கேனும் தோட்டம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத நிலை இவ்வாறே உருவாயிற்று.

கிழக்கு 48ஆம் வீதிக்கும் 49ஆம் வீதிக்கும் இடையே, இரண்டாம் அவெனியூவுக்கும் மூன்றாம் அவெனியூவுக்கும் நடுவில், இத்தகைய வீட்டு வரிசைகள் இரண்டு இருந்தன. அவ்வட்டாரத்துக்கு டேர்ட்டில் பே என்று பெயர்; தமிழில் ஆமைக்குடா எனலாம். வீடுகள் 1860களில் எழுந்தவை. பின்னர் இரு அவெனியூக்களின் மேலும் இரும்புத் தூண்கள் நாட்டி, உயர்பாதைப் புகையிரதங்களை ஓடவிட்டனர். ஈஸ்ற் ஆற்றங்கரையில் இறைச்சிக்காக மாடு வெட்டும் கொல்களங்கள் பெருகின. இரைச்சலும் புகையும் நாற்றமும் சூழ்ந்த பின்னர் வசதி படைத்தோர் அங்கு தங்கவில்லை, வீடுகள் நலிந்தன. இந்நலிவே தோட்டம் பிறப்பதற்கு வாய்ப்பளித்தது என்பது நோக்கத்தக்கது. செல்வச் செழிப்புள்ள வட்டாரமொன்றில் இருபது வீடுகளை ஒருவரே ஒருசேர வாங்குதல் இயலாத காரியம்.

அவ்விருபது வீடுகளையும் முதலாம் உலகப் போர் முடிவுற்ற காலத்தையொட்டி வாங்கியவர் சார்லற் ஹனிவெல் சோர்ச்சன் என்னும் பெண்மணி. பின்னர் வோல்ற்றன் மார்ட்டின் என்ற மருத்துவரை மணந்தமையால், ஏடுகளிற் பெரும்பாலும் ‘திருமதி வோல்ற்றன் மார்ட்டின்’ என்றே அவர் காணப்படுகிறார். தாம் செய்த காரியம் ஒருபுறம் நிற்க, கணவரின் பெயராலேயே அறியப்பட்ட பெண்களின் நீண்ட வரிசையில் அவரும் ஒருவர். கட்டடக் கலைஞர் எட்வேட் டீன் அவருக்குத் துணைநின்றார். 1920ஆம் ஆண்டளவில் வேலைகள் நிறைவேறின.

அவர்கள் செய்தவை மூன்று காரியங்கள் எனலாம். வேலிகளை அகற்றியது முதலாவது. ஒவ்வொரு வீட்டின் பின்வளவிலிருந்தும் ஆறடி நிலத்தைப் பிரித்தெடுத்து, இரு வரிசைகளுக்கும் நடுவே நீண்டு செல்லும் பொதுப் பாதையொன்றை அமைத்து, அதில் இத்தாலிய முறையில் நீரூற்றொன்றை நிறுவியது இரண்டாவது. அந்நீரூற்று உரோம் நகரின் மெடிச்சி மாளிகையிலுள்ள ஒன்றைப் பார்த்துச் செய்யப்பட்டது. பாதையின் இருமருங்கிலும் தாழ்ந்த சுவர்களுக்கு அப்பால் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய சிறு தோட்டம் தனியே இருந்தது. மூன்றாவது காரியமே மிகத் துணிச்சலானது. வீடுகளை அவர்கள் திசைமாற்றினர். வீதிப்பக்கத்து உயர்ந்த வாயிற்படிகளை இடித்து, வாயிலை நிலமட்டத்துக்கு இறக்கி, சமையலறை முதலியவற்றை வீதிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, இருப்பறையையும் உணவறையையும் தோட்டத்தை நோக்கித் திறந்துவிட்டனர். முன்பக்கம் பின்பக்கமாயிற்று, பின்பக்கம் முன்பக்கமாயிற்று. நம் நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தை அறிந்தவர்க்கு இவ்வமைப்பின் இயல்பு எளிதில் விளங்கும். அங்கு ஒரு குடும்பத்தின் நான்கு பக்கங்களும் ஒரு முற்றத்தை நோக்குகின்றன. இங்கு இருபது குடும்பங்கள் ஒரு முற்றத்தை நோக்கின.

ஆறடி என்பது பெரிய அளவன்று. ஆயினும், வேலிக் கதியால் ஓரங்குலம் நகர்ந்தமைக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தோர், அதன் பெறுமதியைக் குறைவாக மதிப்பிடமாட்டார்கள். ஒன்றை மட்டும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். வேலிகளை அகற்றிய வேளையில் இருபது வளவுகளும் ஒருவருக்கே சொந்தமாயிருந்தன. எந்த அயலவரிடமும் அவர் சம்மதம் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஆகவே, அவ்வம்மையார் ஆறடியை விட்டுக்கொடுத்தார் என்று புகழ்வது முற்றும் பொருந்தாது. வீடுகள் தனித்தனியே விற்கப்பட்டு, இருபது உரிமையாளர் தோன்றிய பின்னரே அத்தோட்டத்துக்கு உண்மையான சோதனை வந்தது. தோட்டம் பொதுவாகவே இருக்கும் என்ற நிபந்தனையோடு வீட்டை வாங்கியவர்களும், அவர்களிடமிருந்து பின்னர் வாங்கியவர்களுமே அதனைக் காத்தவர்கள்.

அத்தோட்டத்தைச் சூழ வாழ்ந்தவர்களிற் பலர் புகழ்பெற்றோர். பதிப்புலகிற் பேர்பெற்ற மக்ஸ்வெல் பேர்க்கின்ஸ் அங்கு வாழ்ந்தார். 1934இல் நாற்சி ஜேர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்ட பத்திரிகையாளர் டொரதி தொம்சன் வாழ்ந்தார். கட்டுரையாசிரியர் ஈ. பி. வைற் வாழ்ந்தார். 1949இல் வெளிவந்த ‘இதுவே நியூயோர்க்’ என்னும் அவரது சிறு நூல், அணுகுண்டின் அச்சம் சூழ்ந்த நகரத்தைப் பற்றிப் பேசி, இத்தோட்டத்தில் நின்ற முதிய வில்லோ மரமொன்றில் வந்து முடிவுறுகிறது. நடிகை கதரின் ஹெப்பேண் 1930களிலிருந்து பல பத்தாண்டுகள் 49ஆம் வீதிப்பக்க வீடொன்றில் வாழ்ந்தார். இசைநாடக ஆசிரியர் ஸ்ரீவன் சொண்டைம் 1960ஐ ஒட்டி அடுத்த வீட்டை வாங்கினார். ‘கொம்பனி’ என்ற நாடகத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்த காலத்தில், நள்ளிரவு கடந்து தாம் பியானோ வாசித்தபோது, ஹெப்பேண் வெறுங்காலோடு பின்புறமாக வந்து கண்ணாடிக் கதவருகே சினந்து நின்றமையை அவர் பின்னாளிற் பலமுறை சொன்னதுண்டு. வேலி இருந்திருந்தால் அம்மையார் வீதியைச் சுற்றியே வரவேண்டியிருந்திருக்கும். சினமும் ஓரளவு தணிந்திருக்கும். பொதுவளவு என்பது நட்புக்கு மட்டும் உரிய வழியன்று, முறைப்பாட்டுக்கும் உரிய வழியே.

இதே காலத்தில் மான்ஹற்றனின் தென்பகுதியில், கிரீனிச் கிராமம் எனப்படும் வட்டாரத்தின் ஓரத்தில், இன்னொரு முயற்சி நடந்தது. மக்டூகல் வீதிக்கும் சலிவன் வீதிக்கும் இடையேயுள்ள வீடுகள் நிக்கலஸ் லோ என்ற வணிகரின் காணியில், அவருக்குப் பின்வந்தோரால் 1844ஆம் ஆண்டிலும் 1850ஆம் ஆண்டிலுமாகக் கட்டப்பட்டவை. பின்னர் சுற்றுப்புறம் இத்தாலியக் குடியேறிகள் நெருங்கி வாழும் பகுதியாக மாறிற்று. தளபாட வணிகக் குடும்பமொன்றைச் சேர்ந்த வில்லியம் ஸ்லோன் கொஃபின் என்பவர் 1920இல் கொம்பனியொன்றின் மூலம் அவ்வீடுகளை வாங்கித் திருத்தி, பின்வளவுகளை இணைத்துப் பொதுத் தோட்டமாக்கினார். நடுத்தர வருவாயுள்ள கல்விமான்களும் கலைஞர்களும் தாங்கக்கூடிய விலையில் நகரின் நடுவே வாழ இடமளிப்பதே அவரது நோக்கமாயிருந்தது. முதலில் வாடகைக்கு விட்டு, 1923 முதல் வீடுகளைத் தனித்தனியே விற்றார். இவர் பிற்காலத்தில் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்தின் தலைவரானவர். இங்கு 22 வீடுகள் உள்ளன. பாடகர் பொப் டிலன் 1970களின் தொடக்கத்தில் இவற்றுள் ஒன்றில் குடியிருந்தார். தோட்டம் மறைந்திருந்தது, வாயில் மறைந்திருக்கவில்லை. அவரது குப்பைத் தொட்டியைக் கிளறி ஆராய்ந்த ஒருவர் அதனாலேயே பேர்பெற்றார்.

இவ்விடத்தில், ‘பழமை பேணல்’ என்று எளிதாகச் சொல்லிவிடும் தொடரின் பொருளை உற்றுநோக்கவேண்டியுள்ளது. டேர்ட்டில் பேயிலும் மக்டூகல் வீதியிலும் பேணப்பட்டவை எவை? 1844ஆம் ஆண்டின் வீடுகளுமல்ல, 1860களின் வீடுகளுமல்ல. அவற்றின் படிகள் இடிக்கப்பட்டன, முகப்புகள் புதிய பூச்சும் புதிய வாயிலும் பெற்றன, அறைகள் இடம்மாறின. தூய பழமைவாதி ஒருவர் 1919ஆம் ஆண்டில் அவ்வழியே சென்றிருப்பின், பழைய வீடுகளை அழிக்கிறார்கள் என்று கண்டித்திருப்பார். ஐம்பதாண்டுகளுக்குள் அவ்வழிவே பேணத்தக்க பழமையாயிற்று. இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. கட்டடத்தின் வயதைக் காட்டிலும், அதனை மக்கள் எவ்வாறு மாற்றி வாழ்ந்தார்கள் என்பதும் வரலாறே என்று பாதுகாப்புச் சபையார் ஏற்றுக்கொண்டமையின் அடையாளமாகவே இதனைக் கொள்ளவேண்டும். பழமை என்றால் தொடாமல் வைத்திருப்பது என்று எண்ணுவோர்க்கு இத்தோட்டங்கள் நல்ல மறுமொழி.

சட்டம் வந்த கதை பலரும் அறிந்ததே. 1910இல் எழுந்த பென்சில்வேனியா புகையிரத நிலையத்தை, எதிர்ப்புகளையும் மீறி 1963இல் இடிக்கத் தொடங்கினர். அவ்விழப்பின் வேதனை அடங்குமுன் 1965 ஏப்ரிலில் நியூயோர்க் நகரம் நினைவுச்சின்னச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கவும், தனிக் கட்டடத்தை மட்டுமன்றி ஒரு தொகுதியையே வரலாற்று வட்டாரமாகக் குறிக்கவும் அச்சட்டம் இடமளித்தது. டேர்ட்டில் பே தோட்டம் 1966 ஜூலையிலும், மக்டூகல்–சலிவன் தோட்டம் 1967 ஆகஸ்டிலும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. அதன் பின்னர் அவ்வீடுகளின் வெளித்தோற்றத்தில் மாற்றஞ் செய்வதற்குச் சபையின் அனுமதி வேண்டும். இத்தகைய கட்டுப்பாடு சொத்துரிமையைப் பறிப்பதாகாது என்று 1978இல், கிரான்ட் சென்றல் நிலையம் பற்றிய வழக்கில், ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அக்காலத்தில் அது அவசரத் தேவையாகவும் இருந்தது. டேர்ட்டில் பே வட்டாரத்தின் நலிவுக்குக் காரணமானவை ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. ஆற்றங்கரைக் கொல்களங்கள் இருந்த நிலத்தை வாங்குவதற்கென ஜோன் டி. ரொக்கபெல்லர் இளையவர் 1946இல் 85 இலட்சம் டொலரை வழங்க, அங்கு ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகம் எழுந்தது. மூன்றாம் அவெனியூவின் உயர்பாதைப் புகையிரதம் 1955இல் நிறுத்தப்பட்டு, இரும்புத் தூண்கள் அகற்றப்பட்டன. வெளிச்சம் வந்தது, வெளிச்சத்தோடு நிலத்தின் விலையும் ஏறிற்று. அவெனியூ நெடுகிலும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் எழத் தொடங்கின. நாற்றம் இருந்த காலத்தில் ஒருவரும் விரும்பாத இடம், நாற்றம் நீங்கியவுடன் இடிப்போர் விரும்பும் இடமாயிற்று. கிரீனிச் கிராமத்திலும், வாஷிங்ரன் சதுக்கத்தின் தென்கிழக்கே பல வீதித்தொகுதிகள் 1950களில் இடிக்கப்பட்டு, அவற்றின் மீது நெடிய மாடித்தொடர்கள் எழுந்திருந்தன.

சட்டம் செங்கல்லையும் யன்னலையும் கூரைவிளிம்பையும் காக்கும். மரத்தின் ஆயுளை அது நீட்டாது. வைற் எழுதிய வில்லோ மரம் முதுமையுற்று 2009இல் வெட்டப்பட்டது. வீடுகளின் சுவர்களுக்கு இடையேயுள்ள உறவும் சட்டத்தின் கைக்கு முற்றாக எட்டுவதன்று. அதற்கு வேறோர் ஏற்பாடு வேண்டும். அதனைப் பற்றிப் பேசுமுன், இத்தோட்டங்கள் மீது நியாயமாகச் சுமத்தக்க ஒரு குற்றச்சாட்டைத் தட்டிக்கழித்தல் முறையாகாது.

பொதுத் தோட்டம் என்கிறோம், யாருக்குப் பொது? 1831இல் சாமுவேல் ரகிள்ஸ் என்பவர் மான்ஹற்றனில் அமைத்த கிராமர்சி பூங்கா, சுற்றிலுமுள்ள காணிக்காரருக்கு மட்டும் திறவுகோல் வழங்கும் பூட்டிய பூங்கா. ஆயினும், திறவுகோல் இல்லாதவன் இரும்புக் கம்பிகளுக்கு ஊடாக மரங்களையேனும் பார்க்கலாம். டேர்ட்டில் பேயில் அந்தச் சிறு இன்பமும் இல்லை. வீதியில் நிற்பவனுக்கு அங்கு தோட்டமொன்று உண்டென்பதே தெரியாது. நகரத்துக்கு உரிய சட்டம், நகரத்தார் காணவொண்ணாத ஒன்றைச் சூழ்ந்த வீடுகளைக் காக்கிறது என்றால், அதிற் பொதுநலன் எங்கே என்று ஒருவர் கேட்பாரேயானால், அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 1961இல் தம் புகழ்பெற்ற நகர ஆய்வு நூலை வெளியிட்ட ஜேன் ஜேக்கப்ஸ், வீதியை வெறுத்துத் தொகுதிகளின் நடுவே பசுந்திடல்களை ஒளித்துவைக்கும் திட்டமிடுவோரைக் கடுமையாகச் சாடினார். வீதியைப் பார்த்திருக்கும் கண்களே வீதியின் காவல் என்பது அவரது கொள்கை. இருபது வீடுகளின் இருப்பறைகள் வீதிக்கு முதுகைக் காட்டித் தோட்டத்தை நோக்கித் திரும்பியபோது, 48ஆம் வீதியும் 49ஆம் வீதியும் நாற்பது கண்களையேனும் இழந்தன அல்லவா? நலிந்த வீடுகளைச் செல்வர் வாங்கித் திருத்தும்போது, அவ்வீடுகளில் முன்னர் வாடகைக்கு இருந்தோர் வேறிடந் தேடிப் போகவேண்டியவராவர். பேர்பெற்ற குடியிருப்பாளரின் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. கொஃபின் எண்ணிய நடுத்தர வருவாயினருங்கூட இன்று அவ்வீடுகளின் விலையை எட்டிப்பார்க்க இயலாது. பாதுகாப்பு வீடுகளைக் காத்தது, விலையைக் காக்கவில்லை.

ஆயின், பொதுவளவு செல்வரின் விளையாட்டு மட்டுமே என்று முடிவுகட்டிவிடவும் இயலாது. அதற்குக் காரணம் சனிசைட் கார்டின்ஸ். மான்ஹற்றனுக்குக் கிழக்கே, ஆற்றுக்கு அப்பால், குவீன்ஸ் பகுதியில் அலெக்சாண்டர் பிங் தலைமை தாங்கிய நகர வீடமைப்புக் கூட்டுத்தாபனம் 1924 முதல் 1928 வரை கட்டிய குடியிருப்பு அது. இலாபத்துக்கு வரம்பு விதித்துக்கொண்டு, தொழிலாளரும் சிறு ஊழியரும் வாங்கக்கூடிய வீடுகளைக் கட்டுவதே கூட்டுத்தாபனத்தின் நோக்கம். கட்டடக் கலைஞர்கள் கிளாரன்ஸ் ஸ்ரைன், ஹென்றி றைற் ஆகியோரும், நிலவழகுக் கலைஞர் மார்ஜரி சூவல் கோற்லியும் அதனை அமைத்தனர். எளிய செங்கல் வீடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு சிறு தனித்தோட்டம். அதற்கப்பால், வரிசைகள் சூழ்ந்த நடுவெளியிற் பொதுத்தோட்டம். நகரவியல் அறிஞர் லூயிஸ் மம்போர்ட் 1925 முதல் 1936 வரை அங்கு குடியிருந்தார். டேர்ட்டில் பேயில் இருபது வீடுகளுக்குச் செய்யப்பட்டது இங்கு பல நூறு வீடுகளுக்குச் செய்யப்பட்டது. வேறுபாடு அளவில் மட்டுமன்று. இங்கு குடியிருந்தவர்களிற் பலர் மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சி அவர்களைக் கடுமையாகத் தாக்கிற்று. தவணைப் பணம் செலுத்த மறுத்து அவர்கள் போராடினர், பலர் வீடுகளை இழந்தனர், கூட்டுத்தாபனமும் முறிந்தது. தோட்டங்களோ முறியவில்லை.

அதற்குக் காரணம் காணி உறுதிகளிலே எழுதப்பட்டிருந்த நிபந்தனை. நடுவெளியின் ஒவ்வொரு துண்டும் சட்டப்படி அதற்கு அடுத்த வீட்டுக்காரருக்கே சொந்தம். ஆனால் அதனை அடைக்கவோ அதன்மேற் கட்டவோ கூடாது என்றும், அயலவர் அனைவருக்கும் அதில் உரிமையுண்டு என்றும் உறுதி கூறிற்று. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்க்கு இது விளங்காத புதுமையன்று. பங்குக் கிணற்றில் இத்தனை பங்கென்றும், கிணற்றுக்குப் போக வர வழியும் நீரோடும் வாய்க்காலும் உரியவென்றும் நொத்தாரிசு எழுதும் வரிகள், காணி பலருக்குப் பிரிந்த பின்னரும் கிணற்றைப் பிரியாமற் காக்கும் வரிகளேயாம். அவ்வரிகள் இல்லாவிட்டால் கிணற்றுக்கும் நடுவே ஒரு வேலி வந்திருக்கும்.

சனிசைட்டின் உறுதிகளில் ஒரு சிறு வேறுபாடு இருந்தது. நிபந்தனை 40 ஆண்டுகளுக்கே எழுதப்பட்டிருந்தது. எழுதியோர்க்கு அக்காலவெல்லை மிக நீண்டதாகத் தோன்றியிருக்கக்கூடும். 1960களின் நடுப்பகுதியில், டேர்ட்டில் பேயும் மக்டூகல் வீதியும் சட்டப் பாதுகாப்பைப் பெற்ற அதே ஆண்டுகளில், சனிசைட்டின் ஒவ்வொரு நடுமுற்றத்துக்கும் உரிய 40 ஆண்டுகள் ஒவ்வொன்றாக நிறைவெய்தின. அதன்பின் என்ன நிகழ்ந்தது என்பதை எவரும் ஊகிக்கலாம். எல்லாரும் அல்ல, சிலரே தம் துண்டை அடைத்தனர். ஆனால் ஒரு முற்றத்தின் நடுவே ஒரு வேலி வந்துவிட்டால், மற்றவர் துண்டுகள் திறந்திருப்பதில் பொருள் குறைந்துவிடுகிறது. இரண்டாவது வேலிக்கு முதல் வேலியே நியாயமாகிறது. சிலர் கார் நிறுத்த இடமமைத்தனர். சில முற்றங்கள் முழுமையாகத் துண்டுபட்டன. இவர்களைப் பேராசைக்காரர் என்று சொல்வது அநீதியாகும். சட்டப்படி அது அவர்களுடைய நிலம். வீட்டுக்கு வரி கட்டியவர்களும் அவர்களே. நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகள் ஓடி விளையாடிய வெளி அவர்களுடைய உறுதியில் வெறும் காலாவதியான வரியொன்றாக மாறியிருந்தது.

டேர்ட்டில் பேயின் செல்வர்களிடம் இருந்து, சனிசைட்டின் ஊழியர்களிடம் இல்லாதிருந்தது பண்பாடு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்துக்கு ஆதாரம் ஏதுமில்லை. 20 வீட்டுக்காரர் ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைத்துக் கூடிப் பேசி முடிவெடுக்கலாம். நூற்றுக்கணக்கான வீட்டுக்காரருக்கு அது எளிதன்று. மான்ஹற்றனிலே தோட்டத்தால் வீட்டின் விலை உயர்ந்தது; ஆகவே தோட்டத்தைக் காப்பதில் ஒவ்வொருவருக்கும் இலாபமும் இருந்தது. குவீன்சிலே கார் நிறுத்தும் இடமே அன்றாடத் தேவையாயிருந்தது. காலவெல்லை குறிக்கப்பட்ட உறுதியும் இவற்றோடு சேர்ந்துகொண்டது.

1974இல் நகரத் திட்டமிடல் அதிகாரிகள் சனிசைட்டைத் தனிப்பாதுகாப்பு வலயமாக்கி, புதிய வேலிகளையும் கார்ப்பாதைகளையும் அனுமதியின்றி அமைப்பதைத் தடுத்தனர். 2007 ஜூனில் நினைவுச்சின்னச் சபை அதனை வரலாற்று வட்டாரமாக அறிவித்தது. அறிவிப்புக்கு முன்னர் குடியிருப்பாளரிடையே கடும் விவாதம் நடந்தது. யன்னல் மாற்றுவதற்கும் கதவு திருத்துவதற்கும் சபையின் அனுமதிக்குக் காத்திருப்பதும், அதனால் வரும் செலவும் சிறு வருவாயினரின் தலைமேல் விழும் என்று எதிர்த்தோர் வாதிட்டனர். அவர்கள் அச்சம் வெற்றச்சமன்று. மரச் சட்டமிட்ட யன்னல் செல்வருக்கு அலங்காரம். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது கடன். ஆதரித்தோரோ, எஞ்சியிருக்கும் திறந்த முற்றங்களைச் சுட்டிக்காட்டினர்.

அறிவிப்புக்கு முன்னர் எழுந்துவிட்ட வேலிகளை அச்சட்டம் அகற்றவில்லை. சட்டம் முன்னோக்கியே செல்லும், புதிதாக வருவதைத் தடுக்கும், வந்துவிட்டதை ஏற்றுக்கொள்ளும். துண்டுபட்ட முற்றமொன்றை மீண்டும் ஒன்றாக்கவேண்டுமாயின், அதனைச் சூழ்ந்த வீட்டுக்காரர்களே ஒன்றுகூடி, ஒவ்வொருவரும் தம் வேலியைத் தாமே பிடுங்கவேண்டும். அவ்வாறு பிடுங்கும் முதலாமவருக்குத் தம் அடுத்த வீட்டார் பிடுங்குவாரா என்பது தெரியாது. சனிசைட்டில் திறந்த முற்றங்களும் அடைபட்ட முற்றங்களும் இன்றும் அடுத்தடுத்தே கிடக்கின்றன.